சுமந்துகொண்டு வந்தது

கப்பல் ஏழரை மணிக்கு. ஆறே முக்காலுக்கே இரண்டு பேரும் துறைமுகத்துக்கு வந்து நின்றுவிட்டார்கள். அண்ணி முன்னால், சின்னவள் பின்னால். வீட்டில் கடைக்குட்டி என்பதால் வந்த பேர் அது. நாற்பத்திரண்டு வயதாகி, தலையில் பாதி நரைத்த பிறகும் அவள் சின்னவள்தான்.

கார்கள் ஏறும் கீழ்த்தளத்தில் டீசல் வாடையும் ஈர இரும்பு வாடையும் கலந்து அடித்தது. அங்கிருந்து மேலே மூன்று செங்குத்தான இரும்புப் படிக்கட்டுகள். இருட்டிலும் ஏறிவிடுவாள் போல அண்ணி மடமடவென்று ஏறினாள். பன்னிரண்டு வருஷம் ஏறிய படி அது.

அண்ணனும் அண்ணியும் சேர்ந்து செய்துவந்த வேலை. கடல் ஆய்வுக் கழகம் ஒன்றுக்காக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அக்கரைக்குப் போகும் இந்தப் பயணிகள் கப்பலில் ஏறி, வழியில் தென்படும் திமிங்கலங்களையும் டால்ஃபின்களையும் கணக்கெடுப்பார்கள். கப்பல் எப்போதும் ஒரே தடத்தில், ஒரே வேகத்தில் போகும். அதனால் இந்த வருஷக் கணக்கைப் போன வருஷக் கணக்கோடு ஒப்பிட முடியும். ஒருவர் பைனாகுலரில் பார்த்துச் சொல்வார், இன்னொருவர் எழுதுவார். எந்தப் பக்கம், எத்தனை டிகிரி, எவ்வளவு தூரம், எத்தனை உருப்படி.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அண்ணி காய்ச்சலில் படுத்துவிட்டாள். அண்ணன் மட்டும் தனியாகப் போனான். திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தபோது கால் வழுக்கிக் கடலில் விழுந்துவிட்டான் என்று கேப்டன் எழுதிக் கொடுத்தார். உடல் கிடைக்கவில்லை. விசாரணை ஒரே வாரத்தில் முடிந்துபோனது.

"நானே போறேன். நீயும் வா. ஒருத்தி பாக்கணும், ஒருத்தி எழுதணும்" என்று அண்ணி சொன்னபோது சின்னவள் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதால் அழுதுகொண்டேதான் இருக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியும்.

கப்பல் ஓட்டும் அறையில் கேப்டன் எழுந்து நின்று வரவேற்றார். பெரிய உடம்பு, பஞ்சு மாதிரிக் குரல்.

"வாங்கம்மா. வரமாட்டீங்கன்னு நெனச்சேன். அவர் விட்ட எடத்துலேர்ந்து நீங்க தொடர்றீங்க பாருங்க, அதுக்கெல்லாம் ஒரு மனசு வேணும்." சின்னவளைப் பார்த்து, "தங்கச்சிதானே? அதே ஜாடை" என்றார்.

சுக்கானைப் பிடித்திருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐம்பது வயது இருக்கும். சட்டைக் காலர் வேர்வையில் நனைந்திருந்தது. அறைக்குள் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது.

அறையின் இரு பக்கமும் கதவைத் திறந்தால் கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மேடைகள். அண்ணி வலப்பக்கக் கதவில் கை வைத்தாள்.

"இடப்பக்கம் நில்லுங்களேன்" என்றார் கேப்டன். "வலப்பக்கம் வெயில் கண்ணைக் கூசும்."

"வெயில் இடப்பக்கம்தானே அடிக்குது?"

"ஆமால்ல" என்று அவர் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

கப்பல் கிளம்பியது. எண்ணெய் ஊற்றி வைத்தது போலக் கடல். காற்று இல்லை, அலை இல்லை. தூரத்தில் வெள்ளை மூட்டம், வானம் எது நீர் எது என்று தெரியாதபடி. எட்டு மணி சுமாருக்கு முதல் கூட்டம் வந்தது.

"அண்ணி, வலப்பக்கம்! முப்பது டிகிரி! பன்னெண்டு... இல்ல, பதினஞ்சு!"

"கத்தாதடி, நான் பக்கத்துலதான் இருக்கேன். குட்டி இருக்கா பாரு."

டால்ஃபின்கள் கப்பலின் முனையோடு போட்டி போட்டுத் துள்ளின. கீழே பயணிகள் தளத்தில் கைதட்டுவது கேட்டது. "உங்க அண்ணன் மொத நாள் என்ன பண்ணாரு தெரியுமா?" என்றாள் அண்ணி. "மெதந்துட்டுப் போன பிளாஸ்டிக் டிரம்ம திமிங்கலம்னு எழுத வெச்சாரு. வயசுகூட சொன்னாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாலு மாதத்தில் அவள் சிரித்து சின்னவள் பார்த்தது அதுதான் முதல்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டால்ஃபின்கள் போய்விட்டன.

நீந்திப் போகவில்லை. அடுப்பில் கைபட்டவர்கள் கையை இழுத்துக்கொள்வது போல, பதினைந்தும் ஒரே நொடியில் இடப்பக்கமாகத் தெறித்து ஓடின. பின்னாலேயே கப்பலைத் தொடர்ந்து வந்த கடற்காகங்களும் திரும்பிப் பறந்தன. எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

பிறகு நாற்றம் வந்தது.

அழுகிய மீன் வாடையும் பழைய ரத்த வாடையும். அதற்குள் இன்னொன்றும் இருந்தது. கைக்குழந்தையின் வாயில் திரியும் பால் வாடை.

புஸ்ஸ்ஸ்.

சின்னவளின் காதோரத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். வெதுவெதுப்பான ஈரம் கன்னத்தில் தெறித்தது. சட்டென்று குனிந்து கீழே பார்த்தாள். கண்ணாடி மாதிரி நீர். ஒன்றும் இல்லை.

அண்ணி எழுதிக்கொண்டிருந்த தாளில் பொட்டுப் பொட்டாக இளஞ்சிவப்புத் துளிகள் விழுந்திருந்தன. விரலால் ஒன்றைத் தொட்டாள். இழுபட்டது.

"பாரு" என்றாள் மெதுவாக. "அங்க பாரு."

வலப்பக்கம், நாற்பது டிகிரி. அரைக் கிலோமீட்டர் தூரத்தில் ஒரு முதுகு எழுந்தது. கறுப்பாக, நீளமாக, எழுந்துகொண்டே இருந்தது. கப்பலின் வேகத்துக்குச் சரியாக, ஒரு சுழி கூடக் கிளப்பாமல் கூடவே வந்தது.

அண்ணி பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இறக்கியபோது அவள் உதடு வெளுத்திருந்தது.

"முதுகுத் துடுப்புல பாதி இல்ல. அதுக்குப் பின்னால வரிசையா ஏழு வெட்டு. ப்ரொப்பெல்லர் வெட்டு."

"அடிபட்டிருக்கு, பாவம்..."

"இத நான் நாடா வெச்சு அளந்திருக்கேன் சின்னு. பதினேழு மீட்டர். ஒவ்வொரு வெட்டுக்குள்ளயும் கையவிட்டு அளந்தேன்."

"எங்க?"

"கரையில. செத்து ஒதுங்கிக் கெடந்தப்ப. உங்க அண்ணன் போன மூணாம் நாள்."

சின்னவள் பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்தாள். கடல் குதித்தது. பிறகு நிலைத்தது. திமிங்கலம் தன் தலையால் எதையோ நீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது. செம்மஞ்சள் நிறம். ஒரு சட்டை. கடல் வேலைக்காரர்கள் போடும் கையில்லாத மிதவைச் சட்டை.

சட்டைக்குள் ஆள் இருந்தான்.

அவன் கை மெதுவாக எழுந்தது. விரலை நேராக நீட்டி, கப்பல் ஓட்டும் அறையைக் காட்டியது.

"அண்ணன்!" சின்னவள் கதவை மோதித் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள். "ஆள் இருக்கு! எங்க அண்ணன் உயிரோட இருக்காரு! கப்பல நிறுத்துங்க!"

கேப்டன் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது.

"மரக்கட்டை" என்றார்.

"கட்டை கையைத் தூக்குமா?"

"மரக்கட்டைன்னு சொன்னேன்ல." அதே பஞ்சுக் குரல். சுக்கான்காரரிடம், "வலப்பக்கம் திருப்பு. நாப்பது டிகிரி" என்றார்.

காப்பாற்றத்தான் போகிறார் என்று சின்னவள் கும்பிடப் போனாள். கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். கேப்டனின் கை வேகத்தைக் கூட்டும் கைப்பிடியை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. கடைசிவரைக்கும்.

கப்பல் உறுமியது.

சுக்கான்காரர் இரண்டு கையையும் சுக்கானிலிருந்து எடுத்துவிட்டார். "என்னால முடியாது கேப்டன். ஒரு தடவை செஞ்சது போதும்."

"வாய மூடு."

"நாலு மாசமா ஒவ்வொரு பயணத்துலயும் வலப்பக்கம் அது வருது. நீங்களும்தான் பாக்குறீங்க. என்னால தாங்க முடியல." அவர், கதவோரம் வந்து நின்ற அண்ணியின் பக்கம் திரும்பினார். அழுதுகொண்டிருந்தார். "அம்மா, அன்னைக்கு நேரமாயிடுச்சுன்னு முழு வேகத்துல வந்தோம். முன்னால தாயும் குட்டியும் படுத்துக் கெடந்துச்சு. உங்க வீட்டுக்காரர் நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்தினாரு. இவர் நிறுத்தல. குட்டி முனையில மாட்டி ரெண்டு துண்டாப் போச்சு. தாய் அதைத் தேடி எங்களுக்கு அடியிலேயே வந்துச்சு. பின்னால பார்த்தா கடலே சிவப்பு. உங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் எழுதினாரு. எழுதாதேன்னு இவர் சொன்னாரு. கேக்கல. தீயணைக்கிற சிலிண்டரால மண்டையில அடிச்சாரு. மூச்சு இருக்கும்போதே ரெண்டு பேரும் சேர்ந்து... நான் கால் பக்கம் புடிச்சேம்மா. நான்தான் கால் பக்கம் புடிச்சேன்."

அந்த நொடியோடு கேப்டன் சின்னவளுக்கு 'அவன்' ஆனான்.

அவன் சுவரில் மாட்டியிருந்த அதே சிவப்புச் சிலிண்டரைக் கழற்றினான். சுக்கான்காரரின் முகத்தில் இறக்கினான். தேங்காய் உடைவது போன்ற சத்தம். பற்கள் தரையில் சிதறின. இன்னொரு தடவை அடித்தான். அவர் மடங்கி விழுந்தார்.

சுக்கான் அவன் கைக்கு வந்தது. கப்பல் சாய்ந்து திரும்பியது. கீழே பெட்டிகள் உருளும் சத்தம், கோப்பைகள் நொறுங்கும் சத்தம், குழந்தைகளின் அலறல்.

அண்ணி அவன்மேல் பாய்ந்தாள். குரல் உயர்த்திப் பேசாத அண்ணி. அவன் முழங்கையால் குத்தியதில் அவள் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. அவள் விடவில்லை. அவன் மணிக்கட்டைக் கவ்வி, பல் எலும்பில் முட்டும்வரை கடித்தாள். சின்னவள், அவன் மேஜைமேல் போட்டிருந்த ஒன்றரைக் கிலோ பைனாகுலரை எடுத்து, வாரோடு சுழற்றி அவன் முகத்தில் அடித்தாள். ஒருமுறை. இன்னொருமுறை. மூன்றாவது அடியில் அவன் இடக்கண் உடைந்து கன்னத்தில் வழிந்தது.

ஆனால் கப்பல் திரும்பிவிட்டிருந்தது.

முன்கண்ணாடி முழுக்கத் திமிங்கலம். அது ஓடவில்லை. திரும்பி, கப்பலைப் பார்த்து நின்றது. அதன் தலைமேல் அண்ணன். கழுத்தை மறைத்த தாடி. உதடெல்லாம் வெடித்து, கண் திறந்திருந்தது. அந்தக் கண் சின்னவளை அடையாளம் கண்டது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, இன்றுவரை இல்லை.

பிறகு கப்பலின் முனை இருவரையும் மறைத்தது.

மோதல் இல்லை.

சத்தம் இல்லை.

புகைக்குள் நுழைவது போலக் கப்பல் நுழைந்து போனது.

அண்ணி கைப்பிடியை எட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். எஞ்சின் அடங்கியது. கேப்டன் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, தடுமாறி வலப்பக்க மேடைக்குப் போனான். கம்பியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தான்.

"முடிஞ்சுது" என்றான். மூச்சு வாங்கியது. "ஒண்ணுமே இல்ல. பாரு, ஒண்ணுமே இல்ல."

அப்போதுதான் கப்பலுக்குக் கீழிருந்து அடி விழுந்தது.

நானூறு பேரையும் அறுபது கார்களையும் சுமந்த கப்பல், தொட்டிலில் குழந்தை அசைவது போல ஒரு பக்கம் தூக்கப்பட்டு, தொப்பென்று விழுந்தது. அண்ணி அறைக்குள் உருண்டாள். கேப்டன் கம்பிக்கு மேலே போய்விட்டான். ஒரு கை மட்டும் விளிம்பில் தொங்கியது.

சின்னவள் தவழ்ந்து போய் அந்தக் கையைப் பிடித்தாள். நிஜமாகவே காப்பாற்றத்தான் பிடித்தாள். அண்ணி கடித்த மணிக்கட்டு. ரத்தத்தில் வழுக்கியது. இரண்டு கையாலும் இறுக்கினாள்.

"தங்கச்சி" என்றான் அவன். மிச்சமிருந்த கண் அவளைக் கெஞ்சியது. "புள்ளகுட்டிக்காரன்மா. விட்டுடாத."

அவனுக்குக் கீழே நீர் கறுத்தது. திமிங்கலம் செங்குத்தாக எழுந்து வந்தது. தட்டு அளவுக்கு ஒரு கண். அதில் கோபம் இருக்கும் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். இல்லை. கைக்குழந்தையைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வரும் ஒருத்தியின் கண் அது.

அதன் தலைமேல் யாரும் இல்லை.

அண்ணன் இல்லை.

சின்னவள் கேப்டனின் முகத்தைப் பார்த்தாள். கையைத் திறந்தாள்.

பிற்பாடு விசாரணையில் கை வழுக்கிவிட்டது என்று சொன்னாள். அண்ணியும் அப்படித்தான் சொன்னாள்.

அவன் நீரில் விழுந்து ஆழத்துக்குப் போனான். உடனே மேலே வந்தான். தானாக வரவில்லை. திமிங்கலம் தலையில் தாங்கிக் கொண்டுவந்தது. அவன் அலறிக்கொண்டு வழுக்கி விழுந்து நீந்தினான். அது அடியில் போய் மறுபடி தூக்கியது. விழுந்தான். தூக்கியது. அதன் தோலை உதைத்தான், நகத்தால் பிறாண்டினான். பொறுமையாகத் தூக்கியது.

அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு சின்னவளின் பக்கத்தில் வந்து நின்றாள். "மூச்சு விட வைக்குது" என்று முணுமுணுத்தாள். "பொறந்த குட்டிய இப்படித்தான் மேல கொண்டுவரும்."

பிறகு அது அவனைச் சுமந்துகொண்டு மூட்டத்தை நோக்கிப் போனது. உருவம் மறைந்த பிறகும் அலறல் கேட்டது. பயணிகள் தளத்தில் இருந்தவர்களும் கேட்டார்கள். அது மனிதக் குரல் என்று எழுதிக் கையெழுத்துப் போட மட்டும் யாரும் முன்வரவில்லை. மூன்று மீட்புப் படகுகள் இரண்டு நாள் தேடின. கிடைக்கவில்லை.

அண்ணன் அப்போதே கிடைத்தான். கப்பலின் இடப்பக்கம், செம்மஞ்சள் சட்டையில், மல்லாந்து மிதந்துகொண்டிருந்தான். கப்பல் ஊழியர்கள் வலை போட்டுத் தூக்கினார்கள். அண்ணி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாடியைக் கையால் கோதிக்கொண்டே இருந்தாள். உடல் இன்னும் சூடாக இருந்தது.

சுக்கான்காரர் பிழைத்தார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால், நடந்ததை எல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். தன் பங்கையும் மறைக்கவில்லை.

உடலைப் பரிசோதித்த டாக்டர் இரண்டு பெண்களையும் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். வயதானவர். பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"நாலு மாசம்னு சொல்றீங்க. இறந்து நாலு மணி நேரம்கூட ஆகல. மண்டையில இருந்த காயம் ஆறிப்போயிருக்கு. நுரையீரல்ல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. அவர் மூழ்கவே இல்ல."

"அப்புறம் எப்படி..." என்று ஆரம்பித்தாள் சின்னவள்.

"இருதயம் நின்னுருக்கு. அவ்வளவுதான். தளர்ந்து போச்சு." டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "இன்னொண்ணு. இத அறிக்கையில எழுதலாமான்னு எனக்குத் தெரியல. வயிறு நெறைய பால் இருந்துச்சு. வெண்ணெய் மாதிரி கெட்டியா, ஒரே கொழுப்பு. எந்த மிருகத்தோட பால்னு எங்களால கண்டுபிடிக்க முடியல."

அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அன்று இரவு மட்டுமல்ல, அதற்குப் பிறகு வந்த எத்தனையோ பகல்களிலும் சின்னவள் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். நாலு மாதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால்கூட எட்டுப் பயணம். ஒன்றிலாவது தங்களில் ஒருத்தி ஏறி, வலப்பக்கம் நின்று பார்த்திருந்தால்.

ஏழு மாதம் போனது. அண்ணியின் மூக்கு கொஞ்சம் கோணலாக ஆறியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணியின் போன் அடித்தது. தெற்கே வேறொரு தடத்தில், வேறொரு கப்பலில் கணக்கெடுக்கும் பெண். ஆய்வுக் கழகக் கூட்டத்தில் ஓரிருமுறை பார்த்த பழக்கம். அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள். காற்றும் எஞ்சினும் இரைந்தன.

"அக்கா, நான் கப்பல்லேர்ந்து பேசுறேன். ஒண்ணு பாத்துட்டிருக்கோம். எப்படி எழுதுறதுன்னு தெரியல." குரல் தாறுமாறாக நடுங்கியது. "பெரிய திமிங்கலம். பக்கத்துலயே வருது. தலைமேல ஒரு ஆளத் தூக்கிட்டு வருது."

அண்ணி சின்னவளைப் பார்த்தாள். "செத்த ஆளா?"

"இல்லக்கா. உயிரோட இருக்காரு. தாடி மார்பு வரைக்கும் தொங்குது. ஒரு கண்ணு இல்ல. வாயெல்லாம் வெள்ளையா ஏதோ வழியுது. கேப்டன் படகு எறக்கச் சொல்லிட்டாரு, ஆனா..."

"ஆனா என்ன?"

"எங்களப் பாத்துக் கத்துறாருக்கா. காப்பாத்துங்கன்னு கத்தல."

இரைச்சலுக்கு நடுவே, அந்தப் பெண் போனைக் கடல் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். முதலில் ஒரு நீண்ட, ஈரமான பெருமூச்சு கேட்டது. அதன் பின்னால், பஞ்சு கிழிவது போல ஒரு குரல்.

"முழுக விடச் சொல்லுங்க... ஒரே ஒரு தடவை... என்னை முழுக விடச் சொல்லுங்க..."